உயர் மின்னழுத்தத்துக்கு ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் கட்டுவது எப்படி?

நான் முதலில் கட்டிய 2 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் பத்து நிமிஷம்தான் தாங்கியது. 'உஸ்' என்று ஒரு சத்தம், ஓசோன் வாடை, அப்புறம் அமைதி. பிரித்துப் பார்த்தால் அடுக்கின் ஓரத்தில் குண்டூசி முனை அளவு கரும்புள்ளி. சுற்றுக் கணக்கு சரிதான், இன்சுலேஷனில் கோட்டை விட்டிருந்தேன்.

1. சுற்றுக் கணக்கு

சதுர அலைக்கு: சுற்றுகள் = வோல்ட் ÷ (4 × அதிர்வெண் × காந்தப்பாய அடர்த்தி × சதுர மீட்டரில் கோர் குறுக்குப் பரப்பு).

ஈடிடி39 என்ற அளவு ஃபெரைட் (காந்தப் பீங்கான்) கோரின் பரப்பு 125 சதுர மி.மீ. 12 வோல்ட் பேட்டரி, இரண்டு சுவிட்ச் மாறி மாறி இயங்கும் புஷ்-புல் சர்க்யூட், 50 கிலோஹெர்ட்ஸ், 0.15 டெஸ்லா என்று வைத்தால் 3.2 வரும். அதை 4 ஆக்கி, பிரைமரியை (பேட்டரி பக்கச் சுருள்) நடுவில் முனை எடுத்து 4+4 ஆகக் கட்டுங்கள். ரொம்பக் குறைத்தால் கோர் செறிவடைந்து மாஸ்ஃபெட் (சுவிட்ச் டிரான்சிஸ்டர்) புகையும். இப்போது சுற்றுக்கு 3 வோல்ட். 2400 வோல்ட் வேண்டுமானால் செகண்டரி (உயர் வோல்ட் பக்கச் சுருள்) 800 சுற்று.

2. கம்பி

50 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் சுமார் 0.3 மி.மீ. ஆழம்தான் ஓடும். பிரைமரிக்குத் தடித்த ஒற்றைக் கம்பி வீண். மெல்லிய எனாமல் பூச்சுக் கம்பிகள் பலவற்றை முறுக்கிச் சேர்த்துக் கட்டுங்கள். செகண்டரிக்கு 0.2 மி.மீ. போதும்.

3. செகண்டரியை அறை பிரித்துக் கட்டுங்கள்

என் டிரான்ஸ்ஃபார்மர் இங்கேதான் போனது. பாபினின் (கம்பி சுற்றும் கூடு) முழு அகலத்துக்கும் அடுக்குக்கு 100 சுற்று கட்டினால், போய்த் திரும்பும் இரண்டு அடுக்குகளின் திறந்த ஓரத்தில் 600 வோல்ட் வித்தியாசம் நிற்கும். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும், அதை மட்டும் நம்பக் கூடாது. அதே 800 சுற்றை 4 அறைகளாகப் பிரித்து, அடுக்குக்கு 20 சுற்று என்று கட்டினால் அந்த வித்தியாசம் 120 வோல்ட்தான்.

பிரைமரியை உள்ளே கட்டி, மேலே சூடு தாங்கும் காப்டன் டேப் 4 சுற்றாவது சுற்றுங்கள். ஓரங்களைத் தாண்டி நீட்டி மடியுங்கள். சாதாரண பிவிசி டேப் சூட்டில் இளகிவிடும், வேண்டாம். மாங்கனீஸ்-ஜிங்க் ஃபெரைட் ஓரளவு மின்சாரம் கடத்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் செகண்டரியின் தொடக்க முனையை கிரவுண்டில் இணைத்து, உயர் வோல்ட் முனையைக் கோரிலிருந்து தள்ளியே வெளியே எடுங்கள்.

4. எபாக்சி

கட்டி முடித்த சுருளை எபாக்சி ஊற்றி மூடும்போது உண்மையான எதிரி காற்றுக் குமிழிதான். எபாக்சியின் மின்காப்பு மாறிலி காற்றைவிட 3-4 மடங்கு அதிகம் என்பதால், இடையில் சிக்கிய மெல்லிய காற்று இடுக்கில் மின்புலமும் அத்தனை மடங்கு ஏறும். காற்றோ மி.மீ.க்குச் சுமார் 3 கிலோவோல்ட்தான் தாங்கும். உள்ளே கொரோனா (காற்றில் மின்கசிவு) கிளம்பி இன்சுலேஷனை மெல்ல மெல்ல அரிக்கும். மெதுவாக இறுகும் எபாக்சியை, முடிந்தால் வெற்றிட பம்பில் குமிழி நீக்கி, ஒரு மூலையிலிருந்து நூலாக ஊற்றுங்கள்.

5. சோதனை

ஃபியூஸும் மின்னோட்ட வரம்பும் உள்ள சப்ளையில் 3 வோல்ட்டில் தொடங்குங்கள். ஒரு கையைப் பாக்கெட்டில் வையுங்கள். செகண்டரிக்குப் பின்னால் கெபாசிட்டர் இருந்தால், அணைத்த பிறகும் ரெசிஸ்டர் வழியே டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடாதீர்கள். அந்த மின்னேற்றம் ஆளையே கொல்லும். அப்புறம் அறை விளக்கை அணைத்து, எட்ட நின்று பாருங்கள். எங்காவது ஊதா ஒளி தெரிந்தாலோ ஓசோன் வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, அந்த இடத்தைப் பிரித்து மறுபடி கட்டுங்கள்.