ஹெவி லைசென்ஸ் எடுக்கும் முன்

கார் லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆகி, 20 வயதும் நிரம்பியிருந்தால்தான் லாரி, பஸ் போன்ற ஹெவி வண்டிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைக்கும். பயிற்சிப் பள்ளி படிவம் 5 (பயிற்சி முடித்த சான்றிதழ்) தருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். விதிப்படி 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரமாவது ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்க வேண்டும். காலி வண்டியில் மைதானத்தைச் சுற்றிப் பழகியவருக்கு டெல்டா சாலை புரியாது. மழையில் ஊறிய வாய்க்கால் கரையில் நெல் லோடோடு ஓரம் ஒதுங்கினால், இடது பின்சக்கரம் மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்துவிடும். எதிரே பஸ் வந்தால் தார் விளிம்பிலேயே நின்றுவிடுங்கள், பஸ் டிரைவர் திட்டினாலும் பரவாயில்லை. முதல் வேலைக்கு, நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு ஓடும் உள்ளூர் லாரி நல்லது. பேட்டா பேசுமுன் வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் முடியும் தேதிகளைப் பாருங்கள். ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளி வேண்டாம்.