செம்பனைக் காட்டு வெயில்: காது, பிடரி, உள்ளங்கால்

மலேசியாவின் பகாவ் பக்கம் மறுநடவு செய்த செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் காட்டில் நிழலே கிடையாது. நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, 1.15-ஐ ஒட்டித்தான். அதனால் 11 முதல் 4 வரை கவனம் வேண்டும். கேப் போட்டால் காதும் பிடரியும் வெந்துபோகும். சுற்றிலும் 7 சென்டிமீட்டர் விளிம்புள்ள தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் சரி.

சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையக் கூடாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகம், கழுத்துக்குப் போதும். கிளம்ப 20 நிமிடம் முன்பே பூசுங்கள். வியர்வையில் போய்விடும், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும்.

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்று நம்பாதீர்கள். நம் போன்றோருக்கு அது வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்கூட வரும். மாதம் ஒருமுறை பூட்ஸைக் கழற்றியதும் பாருங்கள். நகத்தில் புதிதாகக் கருங்கோடு, பெரிதாகிக்கொண்டே போகும் மச்சம், ஒரு மாதமாகியும் ஆறாத புண் இருந்தால் உடனே கிளினிக்கில் காட்டுங்கள்.