பம்பிங் குறைந்தவருக்கு பீட்டா பிளாக்கர்: வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங் குறைவு, அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைவு என்று வந்தவருக்கு, துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரையா? சந்தேகம் நியாயமானதுதான். 1975இல் ஸ்வீடனின் மருத்துவர் வாக்ஸ்டீனின் குழு இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பலன் கண்ட பிறகும், மருத்துவ உலகம் இதை ஏற்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

விஷயம், நாம் நினைக்காமலே துடிப்பையும் ரத்தக்குழாயையும் இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. இதயம் தள்ளும் ரத்தம் குறைந்ததும் அதன் ஒரு பிரிவான பரிவு நரம்புகள் நார்அட்ரினலின் என்ற, உடம்பை முடுக்கும் ரசாயனத்தைக் கொட்டும். துடிப்பு எகிறும், ரத்தக்குழாய் இறுகும், சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். விபத்தில் ரத்தம் இழந்தவரை இதே ஏற்பாடு காப்பாற்றும். மாதக்கணக்கில் நீடித்தால் இதயத் தசையையே கெடுக்கும். மாத்திரை தடுப்பது அதைத்தான்.

பீட்டா பிளாக்கர்களில் ஒன்றான கார்வெடிலால் என்றால் வழக்கமாக 3.125 மி.கி.யில் தொடங்குவார்கள், காலையும் இரவும். உடம்பு தாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் இரட்டிப்பாக்குவார். சாப்பாட்டோடு போடுங்கள், மெதுவாக ரத்தத்தில் கலப்பதால் தலைசுற்றல் குறையும். ஆரம்பத்தில் அசதி தட்டும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள், அடக்கி வைத்த துடிப்பு திரும்ப எகிறும். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு லோ சுகரில் வரும் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் வரும்.

காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறகு 5 நிமிடம் உட்கார்ந்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரு விரல் வைத்து முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், தாறுமாறாகத் துடிக்கிறபோது கணக்குத் தப்பும். 50க்குக் கீழே இருந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். தலைசுற்றினால் படுத்தபடி ஒரு பிரஷர், எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு பிரஷர். மேல் அளவு 20 இறங்கினால் குறித்துக் காட்டுங்கள்.

மதுரையில் சிக்கல் சித்திரையில்தான். வெயிலில் தோலின் ரத்தக்குழாய் விரியும். கார்வெடிலால் அதை இறுக விடாது, பிரஷர் இறங்கும். சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரையும் சேர்ந்தால், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக் கரையில் நிற்கிறவர் அப்படியே சரிந்துவிடுவார். கண் இருண்டால் கூட்டத்தைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட வேண்டும். நீர்மோர்ப் பந்தல் மோரில் உப்பு உண்டு; குடிக்கிற அளவை மருத்துவர் கட்டுப்படுத்தியிருந்தால் அந்த டம்ளரும் கணக்கில் சேரும். கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வேண்டாம், அது நீரைத் தேக்கும். படுக்கவே முடியாமல் மூச்சுத் திணறினால் காத்திராமல் 108.