குமுளியில் கையைக் கடிக்காத செலவில் எண்ணெய் மசாஜ்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

கம்பம், கூடலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு விருந்தினர் வந்தால், மறுநாள் அவர்களைத் தேக்கடிக்கு அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். லோயர் கேம்பிலிருந்து மலைச்சாலை ஏறிக் குமுளியில் இறங்கியதும், ஏலக்காய்க் கடைகளுக்கும் மிளகுக் கடைகளுக்கும் இடையிடையே 'ஆயுர்வேத மசாஜ்' என்ற பலகைகள் வரிசையாகத் தென்படும். உடன் வந்தவர்களில் ஒருவராவது, "வந்ததுதான் வந்தோம், ஒரு மசாஜ் செய்துகொண்டு போகலாமா?" என்று கேட்பார். எங்கே போவது, எதைக் கேட்பது, எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல், முதலில் கண்ணில் படும் வாசலுக்குள் நுழைந்துவிடுகிறோம். உறவினர்களைப் பலமுறை அழைத்துச் சென்றும், நானே ஒரு தவறு செய்து பட்டும் கற்றுக்கொண்டதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். குமுளியை மனத்தில் வைத்து எழுதினாலும், மூணாறு, தென்மலை, பாலக்காடு, கோவளம் என்று எல்லை தாண்டிச் செல்லும் எவருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: எதற்காகப் போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

விலையைக் கேட்பதற்கு முன்பே செலவு கூடுவதும் குறைவதும் இந்த முடிவில்தான் இருக்கிறது. பயண அலுப்புத் தீர வேண்டும் என்பது ஒன்று. நாள்பட்ட மூட்டுவலிக்கோ இடுப்புவலிக்கோ தீர்வு வேண்டும் என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவதற்கு ஒரு மணி நேர எண்ணெய்த் தேய்ப்பே போதும். இரண்டாவதற்குச் சுற்றுலாப் பகுதியில் உள்ள மசாஜ் நிலையம் ஏற்ற இடமன்று.

விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று வந்த என் அத்தைக்கு முழங்கால் வலி பல ஆண்டுகளாக இருந்தது. ஒருநாள் மசாஜில் அது போய்விடும் என்று நம்பிய அவரை, அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்கு அழைத்துச் சென்றதே சரியான முடிவாக அமைந்தது. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று பெயர் பெற்ற, உடலைப் பிடித்துவிடும் மர்த்தன முறை இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என அதில் ஒன்பது வகைகளைச் சொல்வார்கள். கேரளத்திலும் அரசு ஆயுர்வேத மருத்துவமனைகள் பல ஊர்களில் உள்ளன. குமுளி அடங்கிய இடுக்கி மாவட்டத்துக்கான மருத்துவமனை தொடுபுழாவில் இருக்கிறது. நோய்க்குச் சிகிச்சை தேடுபவர்கள் அங்கே செலவிடும் பணமும் குறைவு, கிடைக்கும் கவனமும் அதிகம். இனி எழுதப்போவது அலுப்புத் தீர விரும்பும் பயணிகளுக்கு.

இரண்டாம் படி: உங்கள் உடல் அதற்குத் தயாரா என்று பாருங்கள்

காய்ச்சல், தோலில் புண் அல்லது தொற்று, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு ஆகியவை இருந்தால் மசாஜைத் தள்ளிப்போட வேண்டும். கருவுற்றிருப்பவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், நீண்ட பேருந்துப் பயணத்தின் அசதி என்று நினைத்து அதை நீவக் கொடுத்துவிடாதீர்கள். உள்நாளத்தில் இரத்தக்கட்டி இருந்தால், அழுத்தம் பட்டு அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக் கூடும். அந்த நிலையில் உடனே பார்க்க வேண்டியது மருத்துவரை.

நம் வீடுகளில் சர்க்கரை நோய் பரவலாக இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயில் பாதங்களின் உணர்ச்சி குறைந்துவிடக்கூடும். சூடான மூட்டையால் ஒற்றடம் கொடுக்கும்போது தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அத்தகையவர்கள் கிழி எனப்படும் இந்தச் சூடான மூட்டை வகைகளைத் தவிர்த்துவிட்டு, வெதுவெதுப்பான எண்ணெயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு நீராவிப் பெட்டி வேண்டாம்.

மூன்றாம் படி: பலகையில் எழுதியிருக்கும் பெயர்களைப் புரிந்துகொள்ளுங்கள்

மலையாளத்தில் மசாஜை உழிச்சில் என்றும் திரும்மல் என்றும் சொல்வார்கள். பட்டியலில் முதலில் இருக்கும் அப்யங்கம் என்பது உடல் முழுவதும் வெதுவெதுப்பான தைலம் தேய்த்து நீவுவது. முதன்முறை செல்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். நம் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு மிக நெருக்கமானதும் இதுவே. சிரோதாரா என்பது நெற்றியில் தைலத்தை இழையாக இடைவிடாமல் ஊற்றுவது. பிழிச்சில் என்பது துணியைச் சூடான தைலத்தில் நனைத்து உடல்மீது பிழிவது; தைலம் லிட்டர் கணக்கில் தேவைப்படுவதால் விலையும் கூடும். ஞவரக்கிழி என்பது ஞவரை அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டி என்ற மூலிகையின் கஷாயத்திலும் வேகவைத்து, துணியில் மூட்டையாகக் கட்டித் தேய்ப்பது. இலைக்கிழியில் வதக்கிய மூலிகை இலைகளும், பொடிக்கிழியில் மருந்துப் பொடியும் மூட்டைக்குள் இருக்கும்.

ஒருமுறை தங்கிச் செல்லும் பயணிக்குப் பிழிச்சிலும் ஞவரக்கிழியும் தேவையில்லை என்பது என் கருத்து. அவை வைத்தியர் சொன்னபடி தொடர்ந்து பல நாள் செய்துகொள்ள வேண்டியவை. 'ஒரே நாளில் பஞ்சகர்மா' என்று எழுதியிருந்தால், அந்த வாசலைத் தாண்டி நடந்துவிடுங்கள். பஞ்சகர்மாவில் அடங்கும் வமனம், விரேசனம், வஸ்தி, நஸ்யம் முதலான சுத்திகரிப்பு முறைகளுக்கு உடலைத் தயார்செய்யவே சில நாள்கள் வேண்டும். படகுச் சவாரிக்கும் பேருந்துக்கும் இடையில் கிடைக்கும் மாலைப்பொழுதில் அவற்றைச் செய்ய இயலாது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவோம் என்ற விளம்பரம் கண்ணில் பட்டாலும் அப்படியே. அவ்வாறு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே மைய அரசு சட்டம் இயற்றித் தடுத்திருக்கிறது.

பட்டியலில் 'தன்வந்தரம் குழம்பு' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அங்கே குழம்பு என்பது நல்லெண்ணெயோடு நெய்யும் விளக்கெண்ணெயும் சேர்த்து மூலிகைகளுடன் காய்ச்சிய, சற்றுக் கெட்டியான மருந்து எண்ணெய்.

நான்காம் படி: உள்ளே சென்று பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள்

கேரளச் சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களுக்குத் தரச் சான்று வழங்கியிருக்கிறது. பச்சை இலை, ஆலிவ் இலை என்ற பெயர்களில் அவை அறியப்பட்டன. பின்னர் வைரம், தங்கம், வெள்ளி என்ற வகைப்பாடும் வந்தது. தகுதி பெற்ற ஆயுர்வேத மருத்துவரின் மேற்பார்வை, பயிற்சி பெற்ற பணியாளர்கள், ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் மட்டுமே மசாஜ் செய்வது, சிகிச்சையின் நேரத்தையும் கட்டணத்தையும் எழுதி வைப்பது ஆகியவை அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் அடங்கும். சான்று பெறாத சிறிய நிலையங்களிலும் நல்ல கைகள் உண்டு. ஆனால், அந்த நிபந்தனைகளையே அளவுகோலாகக் கொண்டு எந்த இடத்தையும் நாமே சோதித்துவிடலாம்.

குமுளியில் தமிழ் பேசாதவர் அரிது. எனவே தயங்காமல், "சேச்சி, வைத்தியர் இருக்கிறாரா? அவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம்" என்று கேளுங்கள். ஆயுர்வேதப் பட்டப்படிப்பு நான்கரை ஆண்டுப் பாடமும் ஓர் ஆண்டுப் பயிற்சியும் கொண்டது, பி.ஏ.எம்.எஸ். என்ற பட்டமும் பதிவு எண்ணும் பலகையில் இருக்கும். வைத்தியர் வருவார், உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே பணத்தை முதலில் கேட்டால் எழுந்துவிடலாம். நல்ல வைத்தியர் உங்கள் மாத்திரைகளையும் இரத்த அழுத்தத்தையும் கேட்காமல் எண்ணெயைத் தேர்வு செய்ய மாட்டார்.

அடுத்து, அறையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை, சுத்தமாக வைத்திருப்பவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். மசாஜுக்குப் படுக்கும் மரப்படுக்கையான மரத்தோணியின் மூலைகளில் பழைய பிசுக்கு இருக்கிறதா, விரிப்பும் துண்டும் ஒவ்வொருவருக்கும் மாற்றப்படுகின்றனவா, இணைந்த குளியலறையில் வெந்நீர் வருகிறதா, கதவை உள்ளே தாழிட முடிகிறதா என்று பாருங்கள். தைலப் புட்டியில் தயாரித்தவர் பெயர், உரிம எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நெற்றியில் ஊற்றும் தைலமோ பிழிச்சில் தைலமோ முன்பு வேறொருவருக்குப் பயன்படுத்தியதா என்பதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்; இந்தக் கேள்விக்குத் தடுமாறுபவர்களிடம் நான் மேலே எதுவும் பேசுவதில்லை.

பெண்கள் தங்களுக்குப் பெண் பணியாளர்தான் வருவார் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். வேண்டுமானால் உடன் வந்தவரை அறைக்குள் இருத்திக்கொள்ளலாம். எந்த நொடியிலும் "போதும்" என்று சொல்லி நிறுத்தும் உரிமை நமக்கு உண்டு.

ஐந்தாம் படி: விலையை நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள்

ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஓரிடத்தில் 45 நிமிடத்துக்கு 1,200 ரூபாயும் இன்னோரிடத்தில் 75 நிமிடத்துக்கு 1,500 ரூபாயும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 ரூபாய். இரண்டாவது 20 ரூபாய். அந்த 75 நிமிடத்தில் குளியலும் நீராவியும் சேர்ந்திருந்தால், கை படும் நேரம் எவ்வளவு என்று கேட்டு மீண்டும் வகுக்க வேண்டும். வரி சேர்ந்த தொகையா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

ஆட்டோ ஓட்டுநரோ விடுதிப் பணியாளரோ அழைத்துச் செல்லும்போது அவர்களுக்கான தரகு நம் கட்டணத்தில் ஏறிவிடும் வாய்ப்பு உண்டு. எனவே நீங்களே நடந்து சென்று இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். ஐயப்ப பக்தர்கள் குமுளி வழியாகச் செல்லும் கார்த்திகை, மார்கழியிலும், பள்ளி விடுமுறையிலும் விலை குறையாது. ஆனி, ஆடி மழையில் கூட்டம் குறைந்திருக்கும்போது பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் குறைத்துக்கொள்வார்கள். நம் ஆடியைச் சார்ந்து வரும் கர்க்கடக மாதத்தைத்தான் கேரளத்தார் எண்ணெய்ச் சிகிச்சைக்கு உரிய காலமாகவே கருதுகிறார்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் மலிவான முழு உடல் மசாஜைத் தேடாமல், நல்ல இடத்தில் தலை, கழுத்து, தோள் மட்டும் அரை மணி நேரம் கேளுங்கள். 'தொகுப்பு' என்ற பெயரில் முகப்பூச்சு, நீராவி எல்லாம் சேர்த்துச் சொல்வதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான் இருக்கும். குற்றாலத்தில் அருவிக்கரையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்வது இதைவிடவும் எளிய செலவு. அங்கும் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, கழுத்தைச் சொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகக்கூடும்.

ஆறாம் படி: நேரத்தையும் வயிற்றையும் கவனியுங்கள்

நான் செய்த தவறு இங்கேதான். முதன்முறை போனபோது, பரோட்டாவும் கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் மசாஜுக்குப் படுத்தேன்; சாப்பிட்டீர்களா என்று அந்த நிலையத்தில் எவரும் கேட்கவில்லை. நீராவிப் பெட்டியிலும் உட்கார்ந்துவிட்டு, நேரே பேருந்தேறிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியபோது தலை சுற்றி, லோயர் கேம்பில் இறங்கி வாந்தியெடுத்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துப் படுங்கள். முடிந்தபின் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கும்படி நேரத்தை ஒதுக்குங்கள். படகுச் சவாரியைக் காலையில் முடித்துக்கொண்டு மசாஜைப் பிற்பகலுக்கு வைப்பது வசதியாக இருக்கும்.

நகைகளையும் கைப்பேசியையும் உடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டு, எண்ணெய்க் கறை பட்டாலும் பரவாயில்லை என்ற பழைய உடையோடு செல்லுங்கள். தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தைலம் தடவி, சற்று நேரம் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லலாம். அழுத்தம் கூடினாலோ எண்ணெய் சுட்டாலோ உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு படுத்திருந்தால் மறுநாள் உடல்வலிதான் மிஞ்சும்.

எண்ணெய் போகப் பயற்றுமாவு தருவார்கள்; சோப்பைவிட அது நல்லது. குளித்தபின் உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடியைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். தலையில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்கக் கேரள வீடுகளில் அன்றாடம் செய்வது அது. புறப்படும்போது தைலம் வாங்கச் சொன்னால், பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆயுர்வேத மருந்துக் கடையில் அச்சிட்ட விலைக்கே அது கிடைக்கும். அதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, ஒரு மணி நேரம் நின்றபடியே உங்கள் முதுகை நீவிய அந்தப் பணியாளரின் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.