பூங்கா நிலத்தைக் கைமாற்றும் முன்: மாசசூசெட்ஸ் ஊர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசசூசெட்ஸில் ஓர் ஊர் தன் பூங்காவை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, வேறு பயனுக்குத் திருப்பவோ நினைத்தால் ஊர்க்கூட்டம் கை தூக்கினால் மட்டும் போதாது. 1972இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 97ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் பெயர் சொல்லி வாக்கெடுத்து, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற வேண்டும். புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான்.

"பத்திரத்தில் வில்லங்கம் இல்லையே!"

அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் வெஸ்ட்ஃபீல்டு நகரத்தின் அனுபவம் கண்முன் இருக்கிறது. அங்கே ஒரு விளையாட்டுத் திடல், 1939இல் வரி பாக்கிக்காக நகரத்தின் கைக்கு வந்தது. பத்திரத்தில் 'இது பூங்கா' என்று ஒரு வரியும் இல்லை. 2011இல் அங்கே தொடக்கப்பள்ளி கட்ட நகரம் முடிவெடுத்தது. மக்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டமன்ற ஒப்புதல் இல்லாமல் கட்டக்கூடாது என்றது.

சிக்கவைத்தது 1979இல் அந்தத் திடலைச் சீரமைக்க நகரம் வாங்கிய மத்திய அரசின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதி மானியம். அந்தப் பணத்தைத் தொட்டால், மத்திய அரசின் நிலங்களைக் கவனிக்கும் உள்துறைச் செயலரின் அனுமதியில்லாமல் அந்த இடத்தை வேறு எதற்கும் திருப்ப முடியாது. பூங்காவாகவே வைத்திருப்போம் என்ற நகரத்தின் தெளிவான எண்ணத்துக்கு அதுவே சாட்சியாயிற்று.

ஆகவே பதிவு அலுவலகத்தோடு தேடலை நிறுத்தாதீர்கள். பழைய கூட்டக் குறிப்புகள், மானியக் கோப்புகள், திறந்தவெளித் திட்ட அறிக்கைகள் எல்லாவற்றையும் புரட்டுங்கள். மத்திய மானியம் இருந்தால் அந்த உள்துறையின் கீழுள்ள தேசியப் பூங்காத் துறையின் அனுமதி தனி. சட்டமன்றம் அதற்கு ஈடாகாது.

மாற்று நிலத்தைக் கடைசியில் தேடுவது

இப்படி நிலத்தைக் கைமாற்றும் ஊர்களுக்காக 2022 நவம்பரில் கையெழுத்தான மாநிலச் சட்டம் 2023 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ளது. வேறு வழி ஏன் இல்லை என்ற ஆய்வைச் சுற்றுச்சூழல் செயலருக்கு அனுப்பி, பொதுமக்களுக்கும் அறிவிக்க வேண்டும். பரப்பு, இயற்கை வளம், பண மதிப்பு மூன்றிலும் குறையாத மாற்று நிலம் தர வேண்டும். அதற்குப் பதில் பணம் என்றால், செயலர் ஏற்க வேண்டும், மதிப்பில் 110 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, 3 ஆண்டுகளுக்குள் அதில் நிலம் வாங்கியாக வேண்டும். வாங்குபவரிடம் விலை பேசி முடித்துவிட்டு இதைக் கணக்குப் பார்த்தால் ஊரின் கையைக் கடிக்கும்.

'சுமார் 2 ஏக்கர்'

இப்படித் தோராயமாக எழுதாதீர்கள். ஊர்க்கூட்டத் தீர்மானத்திலும், வரைபடத்திலும், சட்டமன்றத்துக்குப் போகும் மசோதாவிலும் ஒரே அளவு இருக்கட்டும். பூங்காவுக்கு அடியில் குழாய் பதிக்கும் உரிமையைக் கொடுப்பதும் நிலம் கைமாறுவதுதான், அதையும் விட்டுவிடாதீர்கள்.

நாட்காட்டியை மறப்பது

பெயர் சொல்லும் வாக்கெடுப்பு முறையான கூட்டங்களில்தான் நடக்கும். இரட்டைப்படை ஆண்டில் அவை வழக்கமாக ஜூலை 31க்குள் முடிகின்றன. அந்த ஆண்டு மே மாத ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டால் கையில் மிஞ்சுவது இரண்டே மாதம். தவறினால் ஜனவரியில் புதிய சட்டமன்றத்தில் மசோதாவை முதலிலிருந்து தாக்கல் செய்ய வேண்டும்.