பழைய ட்ரக்கில் புது சீட்: தளத்தில் துளை போடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்கப்பையோ லாரியையோ நாள் முழுக்க ஓட்டுபவருக்கு, சீட்டை மாற்றச் சொல்லி முதுகே நச்சரிக்கும். விபத்தில் அடிபட்ட புது வண்டியின் சீட் மலிவாகக் கிடைத்தால் கை சும்மா இருக்காது. தப்பு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மெத்தையை அழுத்திப் பார்த்து வாங்குகிறோமே தவிர, சீட்டைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பதில்லை.

கவிழ்த்துப் பாருங்கள். நாலு கால்களும் ஒரே உயரத்தில் இருக்காது. அவை அந்த வண்டியின் மேடு பள்ளத்துக்கென்றே செய்தவை. அப்படியே உங்கள் வண்டியில் வைத்து போல்ட்டை இறுக்கினால் ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும். ரெயில்கள் இணையாக இல்லாவிட்டால் சீட் நகராது. அதைவிட மோசம், ஒரு பக்கம் பூட்டிக்கொண்டு மறுபக்கம் பூட்டாமல் நிற்பது. பிராக்கெட்டை வெல்டு செய்யும் முன் ரெயில்களின் இடைவெளியை முன்னாலும் பின்னாலும் டேப்பில் அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை எடுக்கும் குறுக்களவுகளும் ஒன்றாக வர வேண்டும்.

உயரமும் அப்படித்தான். மோட்டார் வைத்த சீட்டின் அடிப்பகுதி பெரும்பாலும் பழையதைவிட உயரம். முதலில் மரக்கட்டைகள் மேல் வைத்து உட்கார்ந்து பாருங்கள். கிளட்ச் முழுசாக மிதிபடுகிறதா, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா, கதவு மூடுகிறதா, தலை கூரையில் தட்டுகிறதா? எல்லாம் சரியாக வந்த பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும். பல பழைய பிக்கப்களில் சீட்டுக்குப் பின்னாலேயே எரிபொருள் டேங்க் இருக்கும், தளத்துக்கு அடியில் பிரேக் குழாய் ஓடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், உயிர் போகக்கூடிய தவறு பெல்ட்டில்தான் நடக்கிறது. பழைய வண்டிகளில் பெல்ட் பெரும்பாலும் தளத்திலும் தூணிலும் மாட்டியிருக்கும். புதிய சீட்டுகளில் பக்கிள் சீட்டோடு சேர்ந்து வரும், சிலவற்றில் தோள்பட்டை பெல்ட்டே சீட் முதுகிலிருந்து வரும். அப்போது மோதலில் ஆளின் பாரம், சீட்டின் பாரம் இரண்டும் அந்த நாலு போல்ட்டுகளில்தான் விழும். கார்களில் பெல்ட் மாட்டும் இடங்களுக்கான ஐ.நா. விதி 14-இன் சோதனையில் தோள் பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் தலா சுமார் 13.5 கிலோநியூட்டன் இழுவை கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,375 கிலோ தொங்கவிட்டது போல. பெல்ட் சீட்டிலேயே இருந்தால் சீட்டின் எடையைப் போல 20 மடங்கு இழுவையும் சேரும். பழைய தளத் தகடோ சுமார் 1 மி.மீ. தடிமன், துரு தின்றது போக மிச்சம். அதில் வெறும் வாஷர் போட்டு இறுக்கினால் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் குறைந்தது 3 மி.மீ. இரும்புத் தகடு அகலமாகக் கொடுத்து, முடிந்தால் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். சீட்டிலேயே பெல்ட் உள்ள வகையை, இந்த வேலை தெரிந்த ஃபேப்ரிகேட்டர் இல்லாமல் தொடவே வேண்டாம். பல நாடுகளில் இதற்கு முன்அனுமதியும் சான்றும் தேவை.

விபத்து வண்டியின் சீட் என்றால் பக்கிளையும் பாருங்கள். தண்டு சுருங்கிக் கீழே இறங்கியிருந்தால் பிரிடென்ஷனர் (மோதலில் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் கருவி) வெடித்து முடிந்துவிட்டது, அந்த பக்கிள் இனி உதவாது.

அப்புறம் மஞ்சள் கனெக்டர். பக்கவாட்டு ஏர்பேக்கின் ஒயர் பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் இருக்கும். அதில் மல்டிமீட்டர் முனையை வைக்கக் கூடாது. மீட்டரின் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம். கழற்றும் முன் அந்த வண்டியின் பேட்டரியைப் பிரித்துச் சில நிமிடங்கள் காத்திருங்கள். பழைய ட்ரக்கில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கருவியே இல்லாததால் மோதலில் அது விரியாது, வெடிமருந்து மட்டும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஏர்பேக் இல்லாத சீட்டைத் தேடுவதே மேல்.

மின்சாரம் சுலபம்தான், லாரி என்றால் மட்டும் கவனம்: கனரக வண்டிகள் பல 24 வோல்ட், கார் சீட் 12 வோல்ட். சாதாரண மோட்டார் சீட் நேரடி மின்சாரத்திலும் ஃபியூஸிலும் ஓடிவிடும். மெமரி சீட் பெரும்பாலும் தன் பழைய வண்டியின் கம்ப்யூட்டரைத் தேடும், அதைத் தவிர்த்துவிடலாம். வாங்கப் போகும்போது ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டு போங்கள். மோட்டார் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினால்தான் அடியில் உள்ள போல்ட்டுகள் கைக்கு எட்டும்; நகர்த்தியதும் பேட்டரியைப் பிரித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். மோட்டார் ஒயரை கனெக்டரோடு ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி எடுத்து வந்தால், இணைப்பு வேலை பாதி முடிந்தது.