இரண்டு கிராபிக்ஸ் கார்டா, பெரிதாக ஒன்றா? நெல்லைப் பக்கம் கேமிங் கணினி கட்டுவோருக்கு

வீட்டில் பழைய கார்டு ஒன்று இருக்கிறது. அதே மாடல் இன்னொன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டையும் செருகினால் வேகம் இரட்டிப்பாகுமே என்று தோன்றுவது இயல்பு. பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் முதன்முதலாகக் கணினி கட்டும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் வேலை) முடிவுக்கு வந்த பிறகு, ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகள் பழைய சந்தையில் குவிந்ததும் இந்த ஆசையை வளர்த்துவிட்டது. கேம் விளையாடத்தான் என்றால், கையிலிருக்கும் பணத்துக்குக் கிடைக்கிற நல்ல கார்டாக ஒன்றே ஒன்று வாங்குங்கள். காரணங்களோடு வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: நீங்கள் விளையாடும் கேம் இரண்டு கார்டுகளை ஏற்கிறதா என்று பாருங்கள்

பெரும்பாலும் இந்தப் படியிலேயே முடிவு தெரிந்துவிடும். 1998இல் வூடூ 2 கார்டுகளை இணைத்த காலத்திலிருந்து இந்த யோசனை உண்டு. என்விடியா 2004இல் எஸ்எல்ஐ என்றும், ஏடிஐ 2005இல் கிராஸ்ஃபயர் என்றும் இதைக் கொண்டுவந்தன. திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் (ஃப்ரேம்களில்) ஒன்றை முதல் கார்டும் அடுத்ததை இரண்டாவது கார்டும் வரைவதுதான் பரவலாக இருந்த முறை. ஆனால் இன்றைய கேம்கள் ஓரங்களை மென்மையாக்க முந்தைய ஃப்ரேமின் தகவலைப் பயன்படுத்துகின்றன. அந்த ஃப்ரேம் மற்றொரு கார்டில் இருந்தால், அதை நகலெடுத்து வரும் நேரத்திலேயே கிடைத்த லாபம் கரைந்துவிடும்.

இதனால் நிறுவனங்களே பின்வாங்கிவிட்டன. என்விடியா, கார்டை இயக்கும் மென்பொருளான தன் டிரைவரில் புதிய எஸ்எல்ஐ அமைப்புகள் சேர்ப்பதை 2021 ஜனவரியோடு நிறுத்தியது. ஜிஃபோர்ஸ் வரிசையில் ஆர்டிஎக்ஸ் 3090க்குப் பிறகு வந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் இரண்டு கார்டுகளை இணைக்கும் கனெக்டரே கிடையாது. விண்டோஸில் கேம்கள் கார்டோடு பேசப் பயன்படும் டைரக்ட்எக்ஸ் 12இல் இரண்டு கார்டுகளைப் பயன்படுத்த வழி இருக்கிறது. ஆனால் அதை எழுதிச் சேர்க்க வேண்டியவர்கள் கேம் தயாரிப்பாளர்கள். மிகச் சிலரே செய்தார்கள். புதிய கேம் எதைத் திறந்தாலும் அநேகமாக உங்கள் இரண்டாவது கார்டு சும்மா இருக்கும்.

வேலை செய்யும் பழைய கேம்களிலும் ஒரு தொல்லை உண்டு. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 16.7 மில்லிவிநாடி இடைவெளியில் வர வேண்டும். இரண்டு கார்டுகள் மாறி மாறி வரையும்போது ஒன்று 5 மில்லிவிநாடியிலும் அடுத்தது 28 மில்லிவிநாடியிலும் வரலாம். சராசரி 60 என்றே திரையில் தெரியும். கண்ணுக்கோ விக்கி விக்கி ஓடும்.

படி 2: நினைவகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள்

8 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 16 ஜிபி ஆகாது. காட்சிக்குத் தேவையானவை இரண்டு கார்டுகளிலும் அப்படியே நகலாக இருக்க வேண்டும். ஒரே பாடப்புத்தகத்தை இரண்டு பிரதி வாங்கியது போல, பாடம் கூடுவதில்லை. கேமுக்குக் கிடைப்பது 8 ஜிபிதான். உங்கள் கேமுக்கு எவ்வளவு தேவை என்று அறிய, அது ஓடும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பகுதியைப் பாருங்கள்.

படி 3: மானிட்டரைப் பார்த்துக் கார்டை முடிவு செய்யுங்கள்

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பியில் 36.9 லட்சம். 4கேயில் 83 லட்சம், அதாவது 1080பியைப் போல நான்கு மடங்கு. வீட்டில் இருப்பது 1080பி மானிட்டர் என்றால் ஆர்டிஎக்ஸ் 4060 அளவிலான கார்டு தாராளம்.

படி 4: மின்சாரக் கணக்கைப் போடுங்கள்

கடையில் யாரும் சொல்லாத, நம் ஊரில் அவசியம் போட வேண்டிய கணக்கு இது. ஒரு ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட், இரண்டுக்கு 370. ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட். வித்தியாசம் 255 வாட். தினமும் நான்கு மணி நேரம் விளையாடினால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 60 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

யூபிஎஸ்ஸையும் நினைத்துப் பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும்போது அது இல்லாமல் கணினியை ஓட்டக் கூடாது. வீடுகளில் சாதாரணமாக வாங்கும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். 4060 போட்ட கணினி மானிட்டரோடு அதற்குள் அடங்கும். நல்ல 550 வாட் பவர் சப்ளையும் போதும். இரண்டு 580களின் தேவையோ கார்டுகளிலேயே யூபிஎஸ்ஸின் அந்த 360 வாட் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பெரிய யூபிஎஸ், பெரிய பவர் சப்ளை, இரண்டு ஸ்லாட் உள்ள மதர்போர்டு என்று செலவு ஏறினால், மலிவாகக் கிடைத்த கார்டு எந்த வகையில் மலிவு?

படி 5: வெயிலைக் கணக்கில் எடுங்கள்

கத்திரி நாட்களில் நெல்லையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மாடி அறையில் ஏசி இல்லாமல் விளையாடுபவர்தான் அதிகம். அடுத்தடுத்த ஸ்லாட்டில் இரண்டு கார்டுகள் இருந்தால், மேலே இருக்கும் கார்டு கீழ்க்கார்டின் சூட்டைத்தான் உறிஞ்சும். சூடு ஏறியதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது; அங்கே கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

படி 6: வாங்கிப் பொருத்துங்கள்

பழைய கார்டை விற்று, அந்தப் பணத்தைப் புதியதில் சேர்த்துவிடுங்கள். வாங்குவதும் செகண்ட் ஹேண்டாக இருந்தால், விற்பவர் முன்னிலையிலேயே, கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துப் பார்க்கும் ஃபர்மார்க் சோதனையைப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். திரையில் கோடோ புள்ளியோ விழுந்தால் வாங்காதீர்கள். கேபினெட்டில் நீளம் போதுமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். பழைய கார்டைக் கழற்றுமுன் அதன் டிரைவரை நீக்கிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, புதியதை மேல் ஸ்லாட்டில் பூட்டு விழும்வரை அழுத்துங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டிலேயே செருக வேண்டும். தொடக்கத்தில் பலர் தவறுவது இங்கேதான்.

பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணப் படங்கள் ரெண்டர் செய்பவருக்கு மட்டும் என் பதில் வேறு. அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் இரண்டு கார்டுகளையும் முழுமையாகப் பயன்படுத்தும். அந்த வேலையே உங்கள் தொழில் என்றால், பவர் சப்ளையையும் காற்றோட்டத்தையும் முதலில் சரிசெய்துவிட்டு இரண்டாவது கார்டைப் பற்றி யோசியுங்கள்.